செங்குத்து ஏரியலும் வழிதவறும் மின்னோட்டமும்

வானொலிப் பெட்டியில் இரைச்சல் மிகுந்தால் நாம் முதலில் குறை கூறுவது பெட்டியை, அடுத்து ஏரியலை. இவ்விரண்டையும் இணைக்கும் கேபிளை எவரும் ஐயுறுவதில்லை. ஒரு முனையில் பெற்றதை மறுமுனையில் ஒப்படைப்பதன்றி அதற்கு வேறு தொழில் இல்லை என்று கருதிவிடுகிறோம். மொட்டைமாடியில் நிறுத்தப்பட்ட செங்குத்து ஏரியல்களைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. அங்கே கேபிளும் ஓர் ஏரியலாகிவிடுகிறது. அதுவும் நாம் விரும்பாத இடத்தில், வீட்டு மின்சாதனங்களின் நடுவே, சுவரோரமாகத் தொங்கியவாறே ஏரியலாகிறது. இது எவ்வாறு நிகழ்கிறது, இதனைக் குறைப்பது எப்படி என்பதையே இங்கே ஆராய்வோம்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இது வெறும் ஏட்டு விஷயமன்று. மாட்டுங்காவிலோ கரோல்பாக்கிலோ பகற்பொழுதில் மத்திய அலையைத் திருப்பினால் உள்ளூர் நிலையங்களே கேட்கும். கதிரவன் மறைந்தபின் வானத்தின் தாழ்ந்த மின்னடுக்கு கலைந்துவிடுவதால், பகலில் அதனால் விழுங்கப்பட்ட மத்திய அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்கின்றன. சென்னை நிலையம் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்துள்ள 720 கிலோஹெர்ட்ஸையும், திருச்சிராப்பள்ளியின் 936 கிலோஹெர்ட்ஸையும் இரவு வேளைகளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தேடுகிற நேயர்கள் உண்டு. இன்று தமிழ் ஒலிபரப்பு கைபேசியிலும் கிடைக்கிறதே என்று வினவலாம். உண்மைதான். எனினும் தொலைபேசியும் இணையமும் அற்றுப்போகும் நாட்களும் வருகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் என்பாரின் தலைமையில் அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று போர்ட் பிளேரில் தங்கியிருந்தது. தொடர்புகள் அறுந்த அந்நாட்களில் தீவிலிருந்தவர்களின் செய்திகளை நிலப்பகுதிக்குக் கொண்டுசேர்த்தவர்களுள் இவர்களும் அடங்குவர். தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் தீவு அது. மெல்லிய குறி ஒன்று இரைச்சலில் மூழ்குவதற்கும் மூழ்காமல் செவிக்கு எட்டுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு அத்தகைய வேளையில்தான் விளங்கும்.

கேபிளின் அமைப்பை முதலில் நோக்குவோம். தொலைக்காட்சிக்கு வரும் கேபிளை வெட்டிப் பார்த்தவர்கள் அதன் நடுவே ஒரு செப்புக்கம்பியும், அதனைச் சூழ வெள்ளைக் காப்புப்பொருளும், அதற்கு மேல் மெல்லிய கம்பிகளால் பின்னிய உறையும் இருப்பதைக் கண்டிருப்பர். வானொலிக்குரிய கேபிளும் இதே வகையினதே. நடுக்கம்பியில் ஒரு திசையில் மின்னோட்டம் செல்லும்போது, பின்னல் உறையின் உட்புறத்தில் அதே அளவு மின்னோட்டம் எதிர்த்திசையில் செல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால் வெளியே எந்த அலையும் தோன்றுவதில்லை. வெளியிலுள்ள அலையும் உள்ளே புகுவதில்லை. கேபிள் வெறும் பாதை என்று நாம் எண்ணுவது இந்த நிலையைத்தான்.

ஆனால் பின்னல் உறைக்கு ஒரு வெளிப்புறமும் உண்டு. உயர் அதிர்வு மின்னோட்டம் உலோகத்தின் உள்ளே ஆழமாக இறங்குவதில்லை, மேற்பரப்பிலேயே ஓடுகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் செம்பினுள் அது இறங்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். ஆகவே உறையின் உட்புறமும் வெளிப்புறமும் ஒரே உலோகமேயாயினும், மின்னோட்டத்தின் கண்ணுக்கு அவை இரு வேறு கம்பிகள். இரண்டு கம்பிகள் உடையது என்று நாம் வாங்கிவந்த கேபிளில் உண்மையில் மூன்று கம்பிகள் இருக்கின்றன. அந்த மூன்றாவது கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை ஈடுசெய்ய எதிர் மின்னோட்டம் அருகில் இல்லை. எனவே அது அலையை வெளியிடும். அலையை வாங்கவும் செய்யும். நமக்கு வேண்டாத மின்னோட்டம் இதுவே.

இக்குறை செங்குத்து ஏரியலில் மிகுந்து தோன்றுவதற்குக் காரணம் யாது? கிடைமட்டமாக இரு கைகளை விரித்தாற்போன்று நிற்கும் இருமுனை ஏரியலில், ஒரு கையில் ஓடும் மின்னோட்டத்திற்கு மறுகை துணை நிற்கிறது. கால் அலைநீளச் செங்குத்து ஏரியலிலோ ஒரு கைதான் இருக்கிறது. மறுகையின் வேலையைத் தரையோ, தரைக்குப் பதிலாக விரித்த கம்பிகளோ செய்யவேண்டும். அவை போதாதபோது மின்னோட்டம் சும்மா இருந்துவிடாது. மேலே கம்பியில் ஏறிய அளவுக்கு ஈடான மின்னோட்டம் எங்கேனும் ஓடியே ஆகவேண்டும். அடியில் தயாராக ஒரு நீண்ட கம்பி தொங்குகிறது. அதுவே பின்னல் உறையின் வெளிப்புறம். மின்னோட்டம் அதில் இறங்கிவிடுகிறது.

ஒலிபரப்பு நிலையங்கள் இவ்வுண்மையை நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்துவிட்டன. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிரௌன், லூயிஸ், எப்ஸ்டைன் என்னும் மூவர் செங்குத்து ஏரியலின் அடியில் புதைக்கும் கம்பிகளின் எண்ணிக்கையை மாற்றி மாற்றி அளந்து, அக்கம்பிகள் நூற்றுக்கு மேல் சென்றால் கணக்கில் வரும் அலைவலிமைக்கு மிக நெருங்கிய வலிமை கிடைக்கும் என்று காட்டினர். கோபுரத்தைச் சுற்றி 120 கம்பிகளைப் புதைக்கும் வழக்கம் அங்கே அதன்பின் நிலைபெற்றது. மத்திய அலைக் கோபுரத்தைக் காணச் செல்வோர் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். பாதி ஏரியல் அவர்களுடைய காலடியில் புதைந்துகிடப்பதை எவரும் சொல்வதில்லை.

நகரத்து மொட்டைமாடியில் 120 கம்பிகளுக்கு இடமேது? தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் அண்டைவீட்டாரின் அப்பளத் தட்டும் போக எஞ்சிய மூலையில் நாம் ஏரியலை நிறுத்துகிறோம். நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் 14 மெகாஹெர்ட்ஸுக்கென 5 மீட்டர் உயரக் குழாய் ஒன்று நிற்பதாகக் கொள்வோம். அதற்கு உரியவர் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறார். கேபிள் 15 மீட்டர். கருவியின் உலோகப் பெட்டி வீட்டு மின்இணைப்பின் எர்த் கம்பியோடு சேர்ந்து, மேலும் ஆறு மீட்டர் இறங்கித் தரையை அடைகிறது. மொத்தம் 21 மீட்டர். 14.2 மெகாஹெர்ட்ஸின் அலைநீளமும் 21 மீட்டரே! கீழ்முனை தரையோடு இணைந்த ஒரு கம்பியின் நீளம் அரை அலைநீளமாகவோ அதன் முழு மடங்காகவோ அமையுமானால், மேல்முனையில் அது மிகக் குறைந்த தடையையே காட்டும். தரைக்கம்பிகளைவிட எளிய வழியாக அது மின்னோட்டத்தை வரவேற்கும். இதே நீளம் 7 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளமாகி, அங்கும் தொல்லை தரும்.

இக்கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. கேபிளின் உள்ளே அலையின் வேகம் ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்காக இருக்கலாம். உறையின் வெளிப்புறத்திலோ அது ஏறக்குறைய முழுவேகத்தில் செல்கிறது. ஆதலின் வெளிப்புறத்தைக் கணக்கிடும்போது கேபிள் விற்பவர் தரும் வேகக் குறைவெண்ணைப் பயன்படுத்தலாகாது. நூல்களைப் படித்தே கணக்கிடுவோரும் இவ்விடத்தில் வழுக்குவதுண்டு.

எவ்வளவு மின்னோட்டம் இவ்வாறு வழிதவறும்? குறைபாடற்ற தரையின் மேல் நிற்கும் கால் அலை ஏரியல் அடியில் 36 ஓம் அளவே காட்டும். 50 வாட் சக்தியைச் செலுத்தினால் அங்கே 1.2 ஆம்பியர் ஓடுகிறது. நான்கு தரைக்கம்பிகள் உள்ளன. கேபிளின் வெளிப்புறமும் அவற்றுள் ஒன்றைப் போன்றே எளிய வழியாக அமைந்துவிட்டது எனில், ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ கால் ஆம்பியர், சுவரோரமாக இறங்கி வீட்டினுள் வருகிறது. ஒலிவாங்கியின் உலோகம் உதட்டில் சுருக்கென்று குத்துவதும், பக்கத்து அறையின் ஒலிபெருக்கியில் நம் குரல் குழறிக் கேட்பதும், கணினி திடீரென்று திகைத்து நிற்பதும் இதன் விளைவுகளே. கேபிளைக் கையால் பற்றினாலோ, இரண்டு மீட்டர் கூடுதலாக இணைத்தாலோ நிலை அலை விகிதம் காட்டும் முள் குறிப்பிடத்தக்க அளவு நகருமானால், நோய் இன்னதென்று ஐயமின்றிக் கூறிவிடலாம். தன் வேலையை மட்டும் செய்கிற கேபிளில் நீளம் சிறிது கூடினாலும் அந்த விகிதம் அவ்வாறு மாறாது.

கேட்பவர்க்கு ஏற்படும் தீங்கு இதன் மறுபக்கம். எல்.இ.டி. விளக்கு, கைபேசி சார்ஜர், இன்வர்ட்டர் ஆகியவை மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி ஒட்டி வேலை செய்கின்றன. அவற்றின் கழிவாகிய உயர் அதிர்வு மின்னோட்டம் வீட்டுக் கம்பிகளில் பரவி, எர்த் கம்பி வழியாகக் கருவியை அடைந்து, பின்னல் உறையின் வெளிப்புறத்தில் மாடியை நோக்கி ஏறுகிறது. உச்சியில் ஏரியலின் அடிப்புள்ளியை அடைந்ததும் அதற்குக் கதவு திறக்கிறது. உறையின் விளிம்பைத் தாண்டி உட்புறத்தில் நுழைந்து, சென்னையிலிருந்து வந்த மெல்லிய குறியோடு கைகோத்துக்கொண்டு நம் செவிக்கே திரும்பி வருகிறது. ஏரியலை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த இரைச்சல் குறைவதில்லை. ஏனெனில் அது ஏரியலின் மீது வந்து விழுந்ததே அன்று. கீழிருந்து ஏணி வைத்து ஏறியது.

இதனைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கேபிளின் பிளக்கைக் கருவியிலிருந்து கழற்றி, அதன் வெளி உலோகத்தை மட்டும் கருவியின் வெளி உலோகத்தோடு தொடுக. நடுமுனை சேரலாகாது. நல்ல நிலையில் பெட்டி அமைதியாகவே இருக்கும். இரைச்சலோ நிலையங்களோ எழுந்து ஒலித்தால், உறையின் வெளிப்புறம் ஏரியலாகச் செயல்படுகிறது என்பது உறுதி. அலை செலுத்துவோர் அளந்தே பார்க்கலாம். இரண்டாகப் பிளந்து மூடும் ஃபெரைட் வளையம் ஒன்றில் மெல்லிய கம்பியைப் பத்துச் சுற்று சுற்றி, அதன் இரு முனைகளுக்கிடையே ஒரு சிறு தடையை வைத்து, ஓஏ79 போன்ற ஜெர்மானியம் டையோடு வழியாக மைக்ரோஆம்பியர் மீட்டரில் இணைத்தால் போதும். குறைந்த சக்தியில் அலையைச் செலுத்தி, வளையத்தைக் கேபிளின் மேல் மாட்டி நகர்த்திச் சென்றால், முள் ஓரிடத்தில் ஏறியும் ஓரிடத்தில் இறங்கியும் காட்டும். உள்ளே செல்லும் இரு மின்னோட்டங்களும் ஈடாகிவிடுவதால் அம்முள் காட்டுவது வெளிப்புற மின்னோட்டம் ஒன்றையே. பழைய கடைகளில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு இத்துணை உண்மையைக் காட்டும் கருவி வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இனிப் பரிகாரம். பலரும் உடனே கேபிளைச் சுருட்டிக் கட்டத் தொடங்குகின்றனர். அதற்கு முன் செய்யவேண்டிய வேலை தரைக்கம்பிகளை விரிப்பது. மின்னோட்டம் வழிதவறுவதற்குக் காரணம் நேர்வழி இல்லாமையே. நேர்வழியை அமைக்காமல் குறுக்குவழியை மட்டும் அடைத்தால் ஏரியல் திறனிழக்கும். மண்தரையில் நிற்கும் ஏரியலுக்குக் கம்பிகளின் நீளத்தைவிட எண்ணிக்கை முக்கியம். மண்ணின் மேலோ சற்றே புதைத்தோ பதினாறு, முப்பத்திரண்டு என இயன்ற அளவு பரப்பலாம்; அவற்றை அலைநீளத்திற்கு இசைவாக வெட்டவேண்டியதில்லை. மொட்டைமாடியிலோ நிலை வேறு. தரையிலிருந்து விலகி நிற்கும் கம்பிகள் கால் அலைநீளத்திற்கு இசைவாக அமையவேண்டும். 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 5 மீட்டர், 7 மெகாஹெர்ட்ஸுக்கு 10 மீட்டர். எதிரெதிராகச் செல்லும் நான்கு கம்பிகள் பெரும்பாலும் போதும். அவற்றின் முனைகளில் மின்னழுத்தம் உயர்ந்திருக்கும். சிறுவர் கைபடாத இடத்தில், காப்பிட்டு நிறுத்துவது கடமை. தரைக்கம்பியே வேண்டாம் என்னும் விளம்பரத்தோடு விற்கப்படும் செங்குத்து ஏரியல்களும் உள்ளன. அவற்றுள் பலவற்றில் அந்த வேலையைக் கேபிளே அறியாமல் சுமக்கிறது என்பதை வாங்குமுன் நினைவில் கொள்க.

அடுத்து, கேபிள் செல்லும் வழி. ஏரியலுக்கு இணையாகக் கேபிள் அருகிலேயே தொங்குமானால், அடியில் எவ்வளவு காப்புச் செய்தாலும் ஏரியலின் அலை அதன் உறையில் பட்டு மின்னோட்டத்தைத் தூண்டிவிடும். எனவே ஏரியலின் அடியிலிருந்து செங்கோணமாக, தளத்தோடு படியக் கேபிளைக் கொண்டுசென்று, இயன்ற தொலைவில் சுவரிறங்கச் செய்தல் நன்று.

இவ்விரண்டும் முடிந்தபின் சோக்கை நாடலாம். குழல்விளக்கின் சோக்கை யாவரும் அறிவர். மின்னோட்டம் அளவு மீறாமல் தடுக்கும் சுருள் அது. கேபிளுக்கும் அத்தகையதொன்று உண்டு. ஃபெரைட் வளையத்தினூடே கேபிளைச் சில முறை சுற்றினால், உள்ளே செல்லும் இரு மின்னோட்டங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் அவற்றுக்கு அந்த வளையம் இருப்பதே தெரியாது. வெளிப்புற மின்னோட்டத்திற்கு மட்டும் அது பெருந்தடையாக நிற்கும். கணினிக் கேபிளின் முனையில் கட்டைவிரல் பருமனில் காணப்படும் கரிய உருளையும் இதுவே. 1983இல் வால்ட்டர் மாக்ஸ்வெல் என்னும் அமெரிக்கர் ஐம்பது சிறு ஃபெரைட் மணிகளை மாலை கோத்தாற்போலக் கேபிளின் மேல் வரிசையாக மாட்டி, இம்முறையை அமெச்சூர் வானொலியினரிடையே பரப்பினார்.

மணிகளை வரிசையாக மாட்டினால் தடை எண்ணிக்கைக்கேற்பக் கூடுகிறது. வளையத்தினூடே சுற்றினாலோ சுற்றுகளின் வர்க்கத்திற்கேற்பக் கூடுகிறது. பத்துச் சுற்று, ஒரு சுற்றைப்போல் நூறு மடங்கு. கணினிக் கேபிளின் உருளை ஒன்றை மாட்டிவிட்டுப் பயனில்லை என்று சலிப்போர் இதனை அறியவேண்டும். 60 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள 31ஆம் கலவை ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கேபிளைப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் 7 மெகாஹெர்ட்ஸில் சில ஆயிரம் ஓம் தடை கிடைக்கும். வளையத்தின் கலவை எண் அறிந்து வாங்குக. மஞ்சள், சிவப்பு வண்ணம் பூசிய இரும்புத்தூள் வளையங்கள் தோற்றத்தில் ஒத்திருப்பினும் இவ்வேலைக்கு ஆகா. கேபிளை மிக நெருக்கி வளைத்தால், காப்புப்பொருள் மென்மையாக உள்ள வகைகளில் நடுக்கம்பி நாளடைவில் விலகி உறையைத் தொட்டுவிடும்.

ஃபெரைட் இன்றிக் கேபிளையே பிளாஸ்டிக் குழாயின் மேல் எட்டுப் பத்துச் சுற்று சுற்றினால் ஆகாதா? சில வேளை ஆகும். சில வேளை தீங்கே தரும். கேபிளின் வெளிப்புறம் சில நீளங்களில் மின்தேக்கியைப்போல் நடந்துகொள்கிறது. வெறுஞ்சுருள் அதற்கு நேர்மாறான தன்மை உடையது. இரண்டும் சமமாகச் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, தடை குறைந்து, மின்னோட்டம் முன்னிலும் பெருகும். நோயைத் தீர்க்க வைத்த மருந்தே நோயாகும் நிலை. தக்க கலவையாலான ஃபெரைட்டோ, மின்னோட்டத்தை வெப்பமாக்கி உண்மையாகவே விழுங்கும் தடையாக நிற்பதால், கேபிளின் நீளம் எதுவாயினும் இச்சூழ்ச்சி அதனிடம் பலிப்பதில்லை. ஆகவே நம் தேர்வு ஃபெரைட்டே. அலை செலுத்தும்போது வளையம் கைபொறுக்காத அளவு சூடேறினால் சோக் போதவில்லை என்று பொருள். அதனைக் கழற்றிவிடாமல் இன்னொன்றைச் சேர்க்கவேண்டும். தடை உயர உயர மின்னோட்டம் குறைந்து, சூடும் தணியும்.

சோக்கின் இடம் ஏரியலின் அடிப்புள்ளி. தரைக்கம்பிகள் உறையோடு சேரும் இடத்திற்கு உடனே அப்பால். கருவியின் அருகே மட்டும் வைப்பது பலர் வழக்கம். அது கருவியைக் காக்குமேயன்றி, சுவரிறங்கும் கேபிளை ஏரியலாகாமல் தடுக்காது. கேபிள் வீட்டினுள் நுழையும் இடத்தில் இரண்டாவது சோக் ஒன்று வைத்தால், கீழிருந்து ஏறும் இரைச்சலுக்கு அது வாயிற்காவல். அந்நுழைவிடத்திலேயே உறையை எர்த் கம்பியோடு இணைத்து, அந்த எர்த்தை வீட்டு மின்இணைப்பின் எர்த்தோடும் சேர்த்துவிடவேண்டும். சோக் இடியைத் தடுக்கும் என்று எவரும் எண்ணவேண்டாம். கார்மேகம் திரளுமுன் கேபிளைக் கழற்றி வெளியே விடுவதே தக்கது. ஏரியல் எப்பக்கம் சாய்ந்தாலும் மின்வாரியக் கம்பியைத் தொடாத தொலைவில் நிற்பதும் இன்றியமையாதது.

மத்திய அலையை மட்டும் கேட்க விரும்புவோர்க்கு வேலை இன்னும் எளிது. 720 கிலோஹெர்ட்ஸின் கால் அலைநீளமே 104 மீட்டர். அத்துணை உயரம் எவர் மாடியிலும் இயலாது, கேட்பதற்கு வேண்டியதும் இல்லை. ஆறேழு மீட்டர் செங்குத்துக் கம்பி ஒன்றும், அதன் அடியில் தளத்தோடு படிந்த சில கம்பிகளும் போதும். இவ்விரண்டுக்கும் இடையே சிறு ஃபெரைட் மின்மாற்றி ஒன்றின் முதற்சுருளை இணைத்து, மறுசுருளைக் கேபிளோடு சேர்க்க. இரு சுருள்களும் ஒன்றையொன்று தொடலாகாது. கேபிளின் உறையும் மாடிக் கம்பிகளோடு சேரலாகாது. முதற்சுருளில் மறுசுருளைப்போல் மூன்று மடங்கு சுற்றுகள் இருப்பது பொதுவழக்கு. சக்தி செல்லாத இணைப்பாதலின் மெல்லிய கம்பியே போதும். இவ்வாறு செய்தால் உறையின் வழியே ஏறிவரும் இரைச்சலுக்கு உச்சியில் கதவு ஏறத்தாழ மூடிவிடுகிறது. மின்மாற்றியை மழைநீர் புகாத டப்பாவில் அடைத்து, கேபிளின் மேல்முனையை ரப்பர் நாடாவால் சுற்றிவிடுக. மும்பை மழை ஒரு பருவத்தில் பின்னல் உறையைப் பச்சையாக்கிவிடும்.

இவையனைத்தும் செய்தபின்னும் எஞ்சும் இரைச்சல் காற்றின் வழியே நேராக ஏரியலுக்கு வருவது. அதற்குச் சோக் மருந்தன்று. மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டின் முதன்மை மின்விசையை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் அப்போது நின்றுபோனால், விசையை மீண்டும் இட்டு விளக்குகளையும் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக இயக்கிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். நில்லாவிட்டால் அது அண்டைவீட்டிலிருந்து வருகிறது.